வுட் ஹேவ், மைட் ஹேவ்: ஹெல்மெட் கேள்விக்கு எது விடை?

கேள்வி, மார்ச் 2, காலை

மாதிரித் தாளில் வந்தது: "இஃப் ஹீ ஹேட் வோர்ன் எ ஹெல்மெட், ஹீ ______ சர்வைவ்ட்." கொடுத்திருந்த நான்கு: வுட் ஹேவ், மைட் ஹேவ், மே ஹேவ், மஸ்ட் ஹேவ். விடைத்தாளில் வுட் ஹேவ். நான் மைட் ஹேவ் போட்டேன், மார்க் போச்சு. ஹெல்மெட் போட்டவர்கள் எல்லாரும் பிழைத்துவிடுகிறார்களா என்ன? நடந்து முடிந்ததைப் பற்றிய இஃப் வாக்கியத்தில் எந்த மோடல் (வுட், மைட், மஸ்ட் மாதிரித் துணைவினை) வரும் என்பதற்கு நிஜமாகவே விதி இருக்கிறதா, இல்லை இஃப் வாக்கியங்களை மூன்றாகப் பிரித்துப் பள்ளியில் போடும் டைப் ஒன், டைப் டூ, டைப் த்ரீ அட்டவணைதான் விதியா?

மார்ச் 2, இரவு

தேர்வறையில் வுட் ஹேவ் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள் தம்பி. விடைத்தாள் போட்டவர் அட்டவணையைப் பார்த்துப் போட்டிருக்கிறார், அவரோடு சண்டை பிடித்தால் மார்க் வராது.

மற்றபடி உங்கள் பக்கம்தான் நான். நான்கில் இரண்டை இலக்கணம் வெளியே தள்ளிவிடும். மீதி இரண்டுக்குள் அது தலையிடாது. வுட் ஹேவ் என்று எழுதினால், கண்டிப்பாகப் பிழைத்திருப்பான் என்று நான் அடித்துச் சொல்கிறேன். மைட் ஹேவ் என்று எழுதினால், பிழைக்க வழி இருந்தது, அதற்கு மேல் சொல்ல என் கையில் ஆதாரமில்லை. அடி தலையிலா நெஞ்சிலா என்று போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் எது பொருந்தும் என்று தெரியும். அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

மே ஹேவ் ஏன் தள்ளுபடி? "ஹீ மே ஹேவ் சர்வைவ்ட்" என்றால் ஆள் இருக்கிறானா இல்லையா என்று இன்னும் தெரியாது. படகு கவிழ்ந்திருக்கிறது, தேடிக்கொண்டிருக்கிறார்கள், அப்போது சொல்லலாம். இங்கே ஆள் போய்விட்டான் என்பது வாக்கியத்திலேயே இருக்கிறது. ஆங்கிலப் பேப்பர்களில் இந்த இடத்தில் மே ஹேவ் போடுகிறவர்கள் உண்டு, அதை அடித்துத் திருத்தும் எடிட்டர்களும் உண்டு. தேர்வில் அடிக்கிறவர் கட்சியில் இருப்பது பாதுகாப்பு.

மார்ச் 3

மஸ்ட் ஹேவ் மட்டும் ஏன் ஒதுங்குகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடித்தளத்திலிருந்து வரவேண்டும்.

ஆங்கிலத்தில் பாஸ்ட் வடிவத்துக்கு இரண்டு வேலை. ஒன்று காலம். இன்னொன்று தூரம், அதாவது உண்மையிலிருந்து விலகல். "ஐ விஷ் ஐ ஹேட் எ கார்" என்பதில் ஹேட் நேற்றைய கதை இல்லை. இன்றைக்குக் கார் இல்லை, அவ்வளவுதான். வில்லை வுட் ஆக்குவதும், கேனைக் குட் ஆக்குவதும், மேயை மைட் ஆக்குவதும் இதே விலகலுக்குத்தான். "இஃப் ஐ ஹேட் எ கார், ஐ வுட் கம்." இந்த வாக்கியம் முழுக்க இன்றைய நிலவரம்.

இப்போது இதையே போன வருஷத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாஸ்ட் வடிவத்தை ஏற்கெனவே விலகலுக்குச் செலவழித்துவிட்டோம். வுட் என்பதற்கு இன்னொரு பாஸ்ட் கிடையாது. அதனால்தான் பின்னால் ஹேவ் வந்து உட்காருகிறது. "ஐ வுட் ஹேவ் கம்." காலத்தைச் சுமப்பது ஹேவ், விலகலைச் சுமப்பது வுட். இஃப் பக்கத்தில் இரண்டு வேலையும் ஹேட் தலையில் விழுவதால்தான் "இஃப் ஐ ஹேட் ஹேட் எ கார்" என்று இரட்டை ஹேட் வந்து நிற்கிறது. பார்த்தால் அச்சுப்பிழை மாதிரி இருக்கும், ஆனால் சரியான வாக்கியம்.

மஸ்ட்டுக்கு இப்படி விலகல் வடிவம் இல்லை. ஆதியில் அதுவே ஒரு பாஸ்ட் வடிவம்தான், பிறகு நிகழ்காலச் சொல்லாக நிலைத்துவிட்டது. ஆகவே "மஸ்ட் ஹேவ் சர்வைவ்ட்" என்றால் இன்று இருக்கும் தடயத்தைப் பார்த்து, பிழைத்திருக்கத்தான் வேண்டும் என்று முடிவு கட்டுவது. செத்தவனுக்கு அதைச் சொல்ல முடியாது. 19ஆம் நூற்றாண்டு நாவல் படிக்கிறவர்கள் சண்டைக்கு வருவார்கள், அங்கே "ஹேட் ஹீ கம், ஷீ மஸ்ட் ஹேவ் சீன் ஹிம்" பாணி சாதாரணம். இன்றைக்கு அந்த இடத்தில் வுட் ஹேவ், கட்டாயம் என்று அழுத்த வேண்டுமானால் வுட் ஹேவ் ஹேட் டு.

மார்ச் 4

அட்டவணையைக் குறை சொன்னால் வகுப்பு எப்படி நடத்துவது என்று கேட்ட கோவை டீச்சர், உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அட்டவணை இல்லாமல் நடத்த முடியாதுதான். அட்டவணையைக் கிழிக்கச் சொல்லவில்லை. நடந்து முடிந்ததற்கான டைப் த்ரீ வரியில் வுட் ஹேவ் என்று மட்டும் எழுதாமல் பக்கத்தில் குட் ஹேவ், மைட் ஹேவ் இரண்டையும் எழுதிப் போடுங்கள். நிறைய புத்தகங்களில் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது, கரும்பலகைக்கு வரும்போது இரண்டு உதிர்ந்துவிடுகின்றன.

மார்ச் 5

எனக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை என்று கேட்டவருக்கு. நான் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயர். என் பிழைப்பே இஃப் வாக்கியத்தில் ஓடுகிறது. "இப்படிச் செய்திருந்தால் இந்தச் சேதம் வந்திருக்காது" என்று எழுதுகிறேனா இல்லையா என்பதைப் பொறுத்து ஒருவருக்குப் பணம் வரும், அல்லது வராது.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம். பேஸ்மென்ட்டில் நின்ற கார்கள் வரிசையாக மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பாவம், பலர் செய்த முதல் காரியம் சாவியைப் போட்டுத் திருப்பியது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதோடு கதை முடிந்தது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீரில் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும், சில சமயம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஹைட்ராலிக் லாக் என்போம். எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் கவர் எடுக்காதவர்களுக்கு இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லும் பதில் எல்லாருக்கும் தெரியும்: வெள்ளத்தால் வந்த சேதத்துக்குத் தருகிறோம், நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்துக்குத் தரமாட்டோம்.

ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே மூழ்கியது, தண்ணீர் வடிந்த பிறகு ஸ்டார்ட் செய்திருக்கிறார், ராடு வளைந்திருக்கிறது. "இஃப் தி எஞ்சின் ஹேட் நாட் பீன் கிராங்க்ட், தி ராட் வுட் நாட் ஹேவ் பென்ட்." இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. சுற்றாத எஞ்சினில் ராடு வளைய வேறு வழியில்லை. ஆனால் அதே காரில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம் போர்டும் போயிருக்கிறது. அது ஸ்டார்ட் செய்தபோது கரண்ட் பாய்ந்து போனதா, இரண்டு நாள் சேற்றுத் தண்ணீரில் கிடந்தே போனதா? போர்டைத் திறந்து பார்த்தாலும் பல சமயம் பிடிபடாது. அங்கே நான் எழுதியது "மைட் நாட் ஹேவ் ஃபெயில்ட்". ஒரே கார், ஒரே பாரா, இரண்டு மோடல்.

ரிப்போர்ட்டைப் பார்த்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பெயர் வேண்டாம். "ஏன் சார் ஒரு இடத்தில் வுட், இன்னொரு இடத்தில் மைட்? யூனிஃபார்மா வுட் போட்டுக் கொடுங்க." போட முடியாது என்றேன். மொழி அழகுக்காக மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்தார் போல. அந்த மைட்டை வுட் ஆக்கினால் போர்டின் விலை முழுக்க வண்டிக்காரர் தலையில் விழும் என்று விளக்கிய பிறகும் அவருக்கு அது ஸ்டைல் விஷயமாகவே பட்டது.

மார்ச் 5, சற்று நேரம் கழித்து

என் சீனியர் ஒருவர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்: "வுட் போட்டா நீ சாட்சி, மைட் போட்டா நீ ஜோசியன். ரெண்டுக்கும் ஒரே ஃபீஸ்தான்டா, பாத்துப் போடு." மனிதருக்குக் குட் ஹேவ் பிடிக்கவே பிடிக்காது. அதை அடுத்துச் சொல்கிறேன்.

மார்ச் 7

குட் ஹேவ். இதற்குள் இரண்டு பொருள் ஒளிந்திருப்பதுதான் தொந்தரவு. "இஃப் ஹீ ஹேட் பிரேக்ட் எர்லியர், ஹீ குட் ஹேவ் ஸ்டாப்ட்." நிறுத்த அவனால் முடிந்திருக்கும் என்கிறேனா, வண்டி ஒருவேளை நின்றிருக்கும் என்கிறேனா? முதலாவது டிரைவரின் சக்தியைப் பற்றியது, இரண்டாவது சும்மா வாய்ப்பு. முதலாவது சக்தியை உறுதியாகவே சொல்கிறது, ஆனால் அவன் அதைப் பயன்படுத்தியிருப்பானா என்று சொல்வதில்லை. கோர்ட்டில் வக்கீல் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான்.

அப்புறம், இலக்கணம் தலையிடாது என்று முதல் நாள் பொதுவாகச் சொன்னதற்கு ஒரு விலக்கு சேர்க்க வேண்டும். நாட் சேர்ந்தால் தலையிடும். மைட்டும் குட்டும் நேர்வாக்கியத்தில் கிட்டத்தட்ட அக்கம்பக்கம் நிற்கும். எதிர்மறையில் இரண்டும் இரண்டு மூலைக்குப் போய்விடும். "ஹீ மைட் நாட் ஹேவ் டைட்" என்றால் சாகாமலும் இருந்திருக்கலாம், பலவீனமான பேச்சு. "ஹீ குட் நாட் ஹேவ் டைட்" என்றால் செத்திருக்க வாய்ப்பே இல்லை, வுட் நாட்டை விட ஒரு படி மேல். நாட் எதை மறுக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம்: மைட் நாட்டில் சாவதை மறுக்கிறது, குட் நாட்டில் வாய்ப்பையே மறுக்கிறது. தேர்வில் இந்த ஜோடி வந்தால் அதற்கு ஒரே விடைதான், தைரியமாக எழுதலாம்.

மார்ச் 8

"ஷுட் ஹேவ் பற்றி ஒரு வார்த்தை?" சரி. திட்டுவதற்கு. "யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ." பழைய பிரிட்டிஷ் எழுத்தில் ஐ, வீ இரண்டுக்கும் வுட் வரவேண்டிய இடத்தில் ஷுட் வரும். தாத்தா காலத்துக் கடிதத்தில் "ஐ ஷுட் ஹேவ் கம் இஃப் ஐ ஹேட் நோன்" என்று இருந்தால் மனிதர் தன்னையே திட்டிக்கொள்ளவில்லை, தெரிந்திருந்தால் வந்திருப்பேன் என்றுதான் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அப்படி எழுதாதீர்கள்.

குட் ஹேவும் திட்டும், இன்னும் நாசூக்காக. "யூ குட் ஹேவ் கால்ட்!" நம் ஊர் "ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல" அதே தொனி.

மார்ச் 9

திருச்சியிலிருந்து ஒருவர்: "எங்கே வுட் பார்த்தாலும் அது நடக்காத விஷயம் என்று எடுத்துக்கொள்ளலாமா?" கூடாது. "இஃப் தி லாரி கேம் லேட், தி ஓனர் வுட் ஷவுட் அட் அஸ்." இது நடந்த விஷயம், பல தடவை நடந்த விஷயம். லாரி தாமதமாக வந்தபோதெல்லாம் முதலாளி கத்துவார். வடிவத்தைப் பார்த்தால் டைப் டூ மாதிரியே இருக்கும், முன்னும் பின்னும் உள்ள வாக்கியம்தான் காட்டிக்கொடுக்கும். இஃபை எடுத்துவிட்டு வென்எவர் போட்டுப் பாருங்கள், பொருள் கெடாவிட்டால் பழக்கம்.

இன்னொரு வகையும் இருக்கிறது. நடந்ததா இல்லையா என்றே தெரியாத நேற்று. "இஃப் ஹீ லெஃப்ட் அட் நைன், ஹீ மஸ்ட் ஹேவ் ரீச்ட் பை நவ்." ஒன்பதுக்குக் கிளம்பினானா என்பது எனக்குத் தெரியாது. கிளம்பியிருந்தால் இந்நேரம் சேர்ந்திருக்க வேண்டும். இங்கே மஸ்ட் ஹேவ், மே ஹேவ் இரண்டும் ராஜாவாக உட்காரும். இஃப் பக்கத்தில் ஹேட் லெஃப்ட் இல்லை, வெறும் லெஃப்ட்தான் என்பதைக் கவனியுங்கள்.

மார்ச் 10

நேற்று எழுதியதைத் தத்துவக்காரர்கள் எப்போதோ மேய்ந்துவிட்டார்கள். எர்னஸ்ட் ஆடம்ஸ் 1970ல் கிளப்பிவிட்ட ஜோடி ஒன்று பல வடிவங்களில் சுற்றுகிறது. எனக்குப் பிடித்த வடிவம் (அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் கைதானவர் ஆஸ்வால்ட்):

"இஃப் ஆஸ்வால்ட் டிட் நாட் கில் கென்னடி, சம்ஒன் எல்ஸ் டிட்."

"இஃப் ஆஸ்வால்ட் ஹேட் நாட் கில்ட் கென்னடி, சம்ஒன் எல்ஸ் வுட் ஹேவ்."

1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி சுடப்பட்டார் என்பது தெரிந்தால் போதும், முதல் வாக்கியத்தை யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆஸ்வால்ட் இல்லையென்றால் வேறு எவனோ ஒருவன். இரண்டாவதை ஒப்புக்கொள்கிறவர் பின்னால் பெரிய சதி இருந்தது, இன்னொரு துப்பாக்கி தயாராக இருந்தது என்று நம்புகிறவர். டிட் நாட் என்பது ஹேட் நாட் ஆகி, டிட் என்பது வுட் ஹேவ் ஆனதும் துப்பறியும் வாக்கியம் சதி வாக்கியமாகிவிட்டது. இப்போது அந்த வுட்டை மைட் ஆக்குங்கள். சதியை நம்பாதவரும் தலையாட்டுவார்: அந்த ஊரில் பகை இருந்தது, யாராவது சுட்டிருக்கலாம்தான். எவ்வளவு நம்புகிறோம் என்பது அந்த ஒரு மோடலில் தெரிந்துவிடுகிறது.

டேவிட் லூயிஸ் 1973ல் இன்னொன்று சொன்னார், அது எனக்குத் தொழிலில் தினமும் உதவுகிறது. ஒருவர் "வுட் ஹேவ்" என்றால் அதை முறியடிக்க எதிர்த்தரப்பு "வுட் நாட் ஹேவ்" வரை போக வேண்டியதில்லை. "மைட் நாட் ஹேவ்" என்று காட்டினாலே போதும். குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் லூயிஸைப் படிக்காமலேயே இதைத்தான் செய்கிறார்கள். "கண்டிப்பா நின்னிருக்கும்னு சொல்றீங்க, ரோடு ஈரமா இருந்ததே, நிக்காமலும் போயிருக்கலாம் இல்லையா?" ஆமாம் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் நம்முடைய வுட் அங்கேயே படுத்துவிடும்.

மார்ச் 11

"ஹேட் பிளஸ் வுட் ஹேவ் வந்தாலே அது நடக்கவில்லை என்று அர்த்தம், இதிலாவது மாற்றுக் கருத்து இல்லையே?" இருக்கிறது. ஆலன் ஆண்டர்சன் என்ற தத்துவக்காரர் 1951லேயே ஒரு எடுத்துக்காட்டைப் போட்டு உடைத்துவிட்டார். நோயாளி ஜோன்ஸைப் பார்த்து டாக்டர் சொல்கிறார்: ஜோன்ஸ் ஆர்செனிக் சாப்பிட்டிருந்தால், "ஹீ வுட் ஹேவ் ஷோன்" இப்போது காட்டுகிற இதே அறிகுறிகளை அப்படியே. டாக்டர் சொல்வது ஆர்செனிக் சாப்பிடவில்லை என்றா? சாப்பிட்டிருக்கிறார் என்ற பக்கம்தான் சாய்கிறார். ஆகவே நடக்கவில்லை என்பது அந்த வடிவத்திலிருந்து வழக்கமாகக் கிடைக்கும் குறிப்பு, உத்தரவாதம் கிடையாது. ஹெல்மெட் வாக்கியத்தில் அவன் போட்டிருக்கவில்லை என்று நாம் எடுத்துக்கொள்வதும் வழக்கத்தால்தான்.

மார்ச் 11, இரவு

ஆர்செனிக் என்றதும் இங்கிலாந்து வழக்கு ஒன்றைச் சொல்லாமல் தூக்கம் வராது. 1966 புத்தாண்டு விடியற்காலை. லண்டனில் மூன்று இரவுக் காவலாளிகள் டீ குடித்துவிட்டு வாந்தி எடுத்துக்கொண்டே செல்ஸி பகுதி மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குப் போகிறார்கள். டீயில் ஆர்செனிக். டியூட்டி டாக்டர் நேரில் வந்து பார்க்கவில்லை, வீட்டுக்குப் போய் அவரவர் டாக்டரைப் பாருங்கள் என்று நர்ஸிடம் போனில் சொல்லி அனுப்பிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். மனைவி வழக்குப் போட்டார்.

டாக்டர் கவனக்குறைவாக நடந்தார் என்பதை கோர்ட் ஒப்புக்கொண்டது. ஆனாலும் வழக்கு தோற்றது. டாக்டர் வந்து பார்த்திருந்தாலும் விஷமுறிவு மருந்து உரிய நேரத்தில் உள்ளே போயிருக்காது, "ஹீ வுட் ஹேவ் டைட் எனிவே" என்று சாட்சியம் நின்றது. இங்கே இஃப் இல்லை, ஈவன் இஃப். மோடல் என்னவோ அதே வுட் ஹேவ்தான்.

மார்ச் 12

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "மைட் ஹேவ் லிவ்ட் என்று வாதாடியிருந்தால் பாதியாவது கிடைத்திருக்காதா" என்று ஒருவர் கேட்டார். அதையும் முயன்று பார்த்திருக்கிறார்கள். 1977ல் இங்கிலாந்தில் 13 வயதுப் பையன் மரத்திலிருந்து விழுந்தான். இடுப்பில் அடி. மருத்துவமனை ஐந்து நாள் கழித்துத்தான் சரியாகக் கண்டுபிடித்தது. உடனே கண்டுபிடித்திருந்தாலும் 75 சதவீதம் ஊனம் வந்தே இருக்கும், 25 சதவீதம் தப்பித்திருப்பான் என்று கீழ்க்கோர்ட் கணக்குப் போட்டு, முழு நஷ்டஈடு 46,000 பவுண்டில் கால்வாசி 11,500 பவுண்டு கொடுத்தது. 1987ல் பிரபுக்கள் சபை (அன்றைக்கு அங்கே அதுதான் உச்சகட்டக் கோர்ட்) அதையும் ரத்து செய்தது. 75 சதவீதம் வந்தே இருக்கும் என்றால் சட்டத்தின் பார்வையில் அது வந்தே இருக்கும்.

அதாவது அந்தச் சட்டத்தில் பாதிக்கு மேல் தாண்டினால் வுட் ஹேவ், முழுப்பணம். தாண்டாவிட்டால் வெறும் மைட் ஹேவ், ஒன்றும் கிடையாது. கால்வாசி மைட்டுக்குக் கால்வாசிப் பணம் என்ற கீழ்க்கோர்ட்டின் கணக்கு எனக்கு நியாயமாகப் படுகிறது, ஆனால் என்னை யார் கேட்டார்கள்.

தம்பி, உங்கள் மைட் ஹேவுக்கும் இதுதான் நடந்திருக்கிறது. மார்க் பூஜ்யம்.

மார்ச் 14

மறுபடி இலக்கணம். "இஃப் ஐ வுட் ஹேவ் நோன்" தப்பா? எழுத்தில் தப்பு. அமெரிக்கர்கள் பேச்சில் தாராளமாகச் சொல்கிறார்கள், யூடியூபில் கேட்டுவிட்டுத் தேர்வில் எழுதாதீர்கள். இது பரவுவதற்கு "இஃப் ஐ'ட்" என்ற சுருக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஒற்றை ட் ஹேடா வுட்டா என்று காதுக்குத் தெரியாது. இஃப் பக்கத்தில் வுட் வரும் நியாயமான இடம் ஒன்று உண்டு, மனம் வைத்தல்: "இஃப் ஹீ வுட் ஒன்லி லிசன்." கேட்க மாட்டேன் என்கிறானே என்ற சலிப்பு அது.

"வுட் ஆஃப்" என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் தாய்மொழியானவர்கள். "வுட்'வ்" காதில் அப்படி விழுகிறது. நாம் புத்தகம் வழியாகப் படித்ததால் நமக்கு இந்த வியாதி கம்மி, சந்தோஷப்படுங்கள்.

இஃபே இல்லாமல் "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் கம்" என்று தொடங்கலாம், ரிப்போர்ட்டுக்குக் கம்பீரமாக இருக்கும். மறுப்பு வந்தால் "ஹேட் ஹீ நாட் கம்" என்றுதான், "ஹேட்ன்ட் ஹீ கம்" என்று சுருக்க முடியாது.

மார்ச் 14, மதியம்

விளைவு இன்றைக்கும் தொடர்ந்தால் ஹேவ் தேவையில்லை. "இஃப் ஹீ ஹேட் வோர்ன் எ ஹெல்மெட், ஹீ வுட் பி அலைவ் டுடே." டுடே, நவ் கண்ணில் பட்டால் நிதானியுங்கள். மாதிரித் தாள்களில் இந்த ஒரு பொறியை விடாமல் வைக்கிறார்கள்.

மார்ச் 16

ஆபீஸ் மெயில் ஒன்றை அனுப்பி எது சரி என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். மீட்டிங்குக்குப் போக முடியாமல் போனதற்கு வருத்தம் தெரிவிக்கிறார்: "ஐ வுட் ஹேவ் லைக்ட் டு ஹேவ் அட்டெண்டெட்." இலக்கணப்படி யாரும் கைவைக்க முடியாது. ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு ஹேவ் எதற்கு? அன்றைக்கு ஆசை இருந்தது என்றால் "வுட் ஹேவ் லைக்ட் டு அட்டெண்ட்". இன்றைக்கு நினைத்தால் போயிருக்கலாமே என்று படுகிறது என்றால் "வுட் லைக் டு ஹேவ் அட்டெண்டெட்". மேனேஜருக்குப் போகிற மெயில் என்கிறீர்கள், முதலாவதை அனுப்புங்கள். கூடவே ஏன் வரவில்லை என்ற காரணத்தையும் எழுதுங்கள், அவர் தேடப்போவது அதைத்தான்.